பூவின் நிறத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டு முற்றத்தில் பூந்தோட்டம் அமைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் அதில் சொல்லியிருந்த ஹைட்ராஞ்சியா, டேலியா, பெட்டூனியா மூன்றையும் பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ ஒருவர் சித்திரையில் வாங்கி வைத்தால், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் வெறும் தொட்டிதான் மிஞ்சும். முதல் இரண்டும் ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு உரியவை. பெட்டூனியாவைக் கார்த்திகையில் நட்டு மாசி வரை தொட்டியில் பார்க்கலாம், அதற்கு மேல் வெக்கை தாங்காது. திருநெல்வேலிச் சீமையில் பூச்செடி தேர்ந்தெடுப்பவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை விளக்கவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்தருளவும்.

நர்சரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைக் கேட்கிறார்கள். சிலர் எவ்வளவு உயரம் வளரும் என்று கேட்கிறார்கள். செடிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறோம் என்பதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில்கூட, அது குடிக்கவும் சமைக்கவும்தான். செடிக்குப் போவது போர் தண்ணீர். பல தெருக்களில் அது உப்புத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறுகிறதா, பக்கெட் ஓரத்தில் காரை கட்டுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்குத் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500-க்குள் காட்டினால் எந்தச் செடியும் வைக்கலாம். 1,000 தாண்டினால் ரோஜா, இட்லிப்பூ, செண்பகம் எல்லாம் அவதிப்படும். இலை ஓரம் முதலில் பழுப்பாகிக் கருகும், பிறகு நுனி காயும். நோய் என்று நினைத்து மருந்தடித்துப் பயனில்லை. 2,000-க்கு மேல் போனால் அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ், இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் அரளிக்கு ஊற்றலாம். இதற்கு நேர்மாறு ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர். அதில் உப்பே கிடையாது. அந்தக் குழாயின் வாயை ஒரு இட்லிப்பூ தூரில் விட்டுவிட்டால், கோடை முழுவதும் இலை பச்சை மாறாமல் நிற்கும். அடுப்படிக் கழிவுநீர் போகும் இடத்துக்குக் கல்வாழையைத் தவிர வேறு எதையும் நாங்கள் சொல்வதில்லை. அது சோப்பு நீரையும் குடித்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும்.

அடுத்து மண். நம் பக்கம் பத்து மைலுக்கு ஒரு மண். சங்கரன்கோவில், கயத்தாறு வட்டாரம் கரிசல். நாங்குநேரி, ஆலங்குளம் பக்கம் செம்மண். திசையன்விளையிலிருந்து உடன்குடி வரை தேரி எனப்படும் செம்மணல். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி ஆற்றோரங்களில் வண்டல். தாழையூத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் பூமி. ஒரே மல்லிகைக்கு இந்த ஐந்திலும் ஒரே மாதிரிக் குழி எடுக்க முடியாது. கரிசலில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அங்கே குழிக்குள் நடாமல், அரை அடி உயரம் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். தேரியில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. குளத்து வண்டலோ கரம்பையோ மூன்றில் ஒரு பங்கு கலந்தால்தான் ஈரம் பிடிக்கும்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு உற்றுப் பாருங்கள். நுரைத்துப் பொரிந்தால் சுண்ணாம்பு மண். அங்கே இட்லிப்பூ வைத்தால் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இலை மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்க விடாது. மல்லிகைக்கும் இதே கோளாறு வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை, சாயங்காலம், இலை நனையத் தெளித்தால் தெளியும். அதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள்: தண்ணீர் அதிகமாகத் தேங்கினாலும் மல்லிகை மஞ்சளாகும். தூரைக் கிளறி, கசகசவென்று ஈரம் இருந்தால் ஊற்றுவதைக் குறைப்பதே மருந்து.

புது வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொத்தனார் வேலை முடிந்ததும் சிமெண்ட் கலவை, சுண்ணாம்பு, உடைந்த செங்கல் எல்லாம் மதிலோரம் புதைந்துதான் கிடக்கும். மேலே ஒரு லோடு செம்மண்ணைப் பரப்பிவிட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். செடியின் வேர் ஒரு அடி இறங்கியதும் கலவையில் முட்டி நின்றுவிடும். செடி வைக்கும் இடத்தில் மட்டுமாவது ஒன்றரை அடி தோண்டிக் கட்டியைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். குழி எடுத்தபின் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே நின்றால் அடியில் தளம் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். கடப்பாரையால் உடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

வெயிலைப் பற்றிப் புத்தகங்களில் படிப்பது பலவும் நம் ஊருக்குப் பொருந்தாது. வட மாநிலத்துக் கணக்கில் வீட்டின் வடபக்கம் நிழல், தென்பக்கம் வெயில். திருநெல்வேலி 9 பாகைக்குக் கொஞ்சம் குறைவான அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை பிறப்பதையொட்டி உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன்பின் வடக்கே சாய்ந்துவிடும். ஆவணி நடுவில்தான் மறுபடி தலையைக் கடந்து தெற்கே திரும்பும். ஆக, கடுங்கோடையில் வீட்டின் வடபக்கம்தான் வெயில் வாங்கும் இடம். ஐப்பசியில் நிழலாக இருந்ததே என்று அங்கே கனகாம்பரத்தை வைத்துவிட்டு வைகாசியில் வதங்குகிறது என்று வருகிறார்கள். அந்த இடத்துக்குக் குண்டுமல்லி, நித்தியகல்யாணி போன்றவை சரி. கனகாம்பரத்துக்கு மதியத்துக்குமேல் நிழல் விழும் கிழக்குப் பக்கம் வேண்டும். தென்னை நிழலில்கூடப் பூக்கும். மேற்குச் சுவரோரம் சாயங்கால வெயில் போனபிறகும் சுவர் வெக்கையைக் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே காகிதப்பூ அல்லது அரளி, அதுவும் சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி.

ஆனி, ஆடி மேல்காற்றை மறந்துவிட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் அதிகம். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று மொட்டை மாடித் தொட்டியையும் உருட்டிவிடும். செடி ஒடிவதைவிட, அது இலையின் ஈரத்தை உறிஞ்சுவதுதான் பெரிய சேதம். மாடியில் செம்பருத்தி வைத்தால் ஆடி முழுவதும் மொட்டு உதிர்த்துக்கொண்டே இருக்கும். மேற்கே நந்தியாவட்டையை வரிசையாக மூன்றடி இடைவெளியில் நட்டு வேலியாக்கிவிட்டால், அதன் மறைவில் மற்றவை பிழைக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் இதே மாதங்களில் சாரல் இருப்பதால் அவர்கள் ஆனியிலேயே நடலாம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அந்த யோகம் கிடையாது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இங்கே வீட்டுப் பூச்செடிக்குச் செல்லாது. புரட்டாசியில் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவதே நமக்குப் பட்டம்.

இவ்வளவையும் பார்த்தபின் பூவுக்கு வரலாம். தலைக்கு வைக்கவா, சாமிக்கா, வெறும் கண்ணுக்கா என்பது முதல் கேள்வி. எத்தனை மணிக்குத் தோட்டத்தைப் பார்ப்பீர்கள் என்பது இரண்டாவது; இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. டேபிள் ரோஸ் வெயில் ஏறியபின் விரிந்து, சாயங்காலத்துக்குள் மூடிவிடும். காலை 8 மணிக்குக் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க முடியும். அவருக்கு அந்திமந்தாரையும் குண்டுமல்லியும் பவளமல்லியும்தான் பொருத்தம். வெள்ளைப் பூ அந்தியிலும் தெரியும், வாசமும் அப்போதுதான் எழும். பவளமல்லி விடியற்காலையில் கொட்டிவிடுவதால், கூட்டி எடுக்க வசதியான மண்தரையில் இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூடாது.

மல்லி, முல்லை, பிச்சி மூன்றையும் ஒன்றாகவே நினைத்து இரண்டடி இடைவெளியில் நட்டுவிடுகிறார்கள். குண்டுமல்லிக்குச் செடிக்குச் செடி 4 அடி. முல்லைக்கு 5 அடி. பிச்சி படரும், 6 அடியும் ஒரு பந்தலோ கம்பி வேலியோ வேண்டும். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. மேல்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, வேப்பம்பிண்ணாக்கு 200 கிராம். தொழுவுரம் மட்காமல் பச்சையாக இருந்தால் செம்மண்ணில் கரையான் வந்து சேரும். மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுவதானால் அலசிப் போடுங்கள். அதிலுள்ள தூசு மண்ணை இறுக்கிவிடும். மூன்றுக்கும் குறைந்தது 5, 6 மணி நேர வெயில் வேண்டும். அது இல்லாத இடத்தில் இலைதான் வரும்.

மூன்றுக்கும் கவாத்து மாதம் வேறு வேறு. குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவிலும், பிச்சியை மார்கழி நடுவிலும், முல்லையைத் தை நடுவிலும் வெட்ட வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே போகிற குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இலையையும் உருவிவிட வேண்டும். மொட்டையாக நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் நுனியை மட்டும் கிள்ளிவிடுகிறவர்கள்தான் 'செடி காடாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை' என்று வந்து நிற்பார்கள். மல்லிகைப் பூ புதுத் துளிரில்தான் வரும். பங்குனி தொடங்கி ஆடி வரை மல்லி, வைகாசியிலிருந்து ஐப்பசி வரை பிச்சி என்று இரண்டையும் வைத்தால் எட்டு மாதம் பூ உண்டு. தலைக்குக் கட்டுகிற அளவு வேண்டுமானால் மல்லிச் செடி 5-க்குக் குறையக் கூடாது. நன்கு பராமரித்த செடி மூன்றாம் வருடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மொட்டுதான் தரும். ஒரே ஒரு செடியை வைத்துவிட்டுத் தினமும் ஒரு முழம் எதிர்பார்க்க முடியாது.

பிச்சிப் பந்தலுக்குப் பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசத்துக்குப் பாம்பு வராது. அடியில் சருகு சேர்ந்து தவளையும் எலியும் குடியேறினால் வரும். தரையிலிருந்து ஒரு அடிவரை கொடியை ஒதுக்கிச் சுத்தமாக வைத்தால் போதும்.

கனகாம்பரம் நம் பெண்களுக்குப் பிடித்த பூ, நட்டவர்கள் அதிகம் தோற்பதும் அதில்தான். பச்சையாக இருந்த செடி வெயிலில் துவளும், சாயங்காலம் நிமிரும், ஒரு மாதத்தில் குட்டையாகி வெளிறிப் போகும். பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதே இடத்தில் மறுபடி கனகாம்பரம் நடுவது காசுக்குக் கேடு. கத்தரி, தக்காளி, வெண்டை இருந்த பாத்தியிலும் வேண்டாம், அவற்றின் வேரிலும் இதே புழு வளரும். அங்கே ஒரு பருவம் கேந்தி (செண்டுமல்லி) நடுங்கள். கேந்தியின் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் ஆச்சு. ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் விதைக்க வேண்டும்: நாற்றுக்கு 30 நாள், நட்டபின் ஏறத்தாழ 60 நாள். நட்ட 30-ம் நாள் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை வைக்காது. 'விதை' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். குச்சியில்தான் அது வளரும்.

செவ்வந்தியில் ஒரு விசித்திரம். அது இரவு நீளும் மாதங்களில்தான் மொட்டு விடும். வாசலில் தெருவிளக்கு விடிய விடிய அதன்மேல் அடித்தால், பகல் முடியவில்லை என்றே செடி வளர்ந்துகொண்டிருக்கும்; பக்கத்து வீட்டில் கார்த்திகையில் பூக்கும், உங்கள் வீட்டில் தையிலும் இலைதான். உரத்தைக் கூட்டிப் பலனில்லை. வீட்டுக்குப் பின்னால் இருட்டான பக்கம் மாற்றுங்கள். காகிதப்பூவுக்கும் உரம் தேவையில்லை, தண்ணீரும் தாராளமாகக் கூடாது. காயவிட்டால்தான் நிறம் காட்டும்.

அமைப்புக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். கிழக்கே பார்த்த வீடு, முன்னால் 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது, தண்ணீர் சுமாராக நல்லது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பக்கம், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு கடைசியிலும் அடுக்கு நந்தியாவட்டை, நடுவில் ஒற்றை இதழடுக்குச் செம்பருத்தி ஒன்று. ஒற்றைக்குக் காரணம் உண்டு: அடுக்கில் மாவுப்பூச்சி புகுந்தால் இதழுக்குள் ஒளிந்துகொள்ளும், மருந்து போய்ச் சேராது. பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடச் சிறிது சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை. அடுத்த வரிசையில், அந்த மூன்றுக்கும் நேரே வராமல் இடைவெளியில் விழும்படி நான்கு குண்டுமல்லி. முன்னால் ஒரு அடிக்கு ஒன்றாகக் கனகாம்பரம் 18. காலை வெயில் கிடைத்து, மதியத்துக்குமேல் வீட்டு நிழல் விழும். இடையிடையே நான்கு டிசம்பர் பூ வைத்தால் மல்லி ஓய்ந்த மாதங்களில் ஊதா நிறம் இருக்கும். இதற்குமேல் ஆசைப்பட்டு நுழைக்க வேண்டாம். முதல் வருடம் வெற்றிடமாகத் தெரியும் இடத்தில் தற்காலிகமாக வாடாமல்லியோ கோழிக்கொண்டையோ விதைத்துக்கொள்ளலாம். தரையில் வாழைச்சருகு இரண்டு அங்குலம் பரப்பி, தண்டை மட்டும் நான்கு விரல் ஒதுக்கிவிட்டால், கோடையில் தண்ணீர்ச் செலவு கணிசமாகக் குறையும்.

அரளி பற்றி இணைப்பில் ஒரு வரிகூட இல்லாதது எங்களுக்கு வருத்தம். உப்புக்கும் வெயிலுக்கும் அதைப் போலத் தாங்குகிற செடி வேறில்லை, சாமிக்கும் உகந்தது. ஆனால் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே விஷம், காய்ந்தபிறகும் விஷம். பச்சையில் ஆடு மாடு ஒதுங்கிப் போகும்; வெட்டிப்போட்ட காய்ந்த தழை வைக்கோலோடு கலந்தால் தின்றுவிடும். கவாத்து செய்த கழிவைத் தொழுவத்துப் பக்கம் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் கெடுதல். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அரளியே வேண்டாம்.

கடைசியாக, வாங்கும் நேரம். பூத்துக் குலுங்குகிற செடியை எடுக்காதீர்கள். மொட்டு நான்கைந்து இருந்து, அடியில் புதுத் துளிர் இருப்பதை எடுங்கள். பையைத் திருப்பி, அடி ஓட்டை வழியாக வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அந்தச் செடி பல மாதம் விலைபோகாமல் கிடந்தது. ஆந்திரத்துக் கடியம் பக்கமிருந்து வரும் செடிகள் களிமண் உருண்டையில் இருக்கும். அப்படியே நட்டால் சுற்றிலும் ஈரம் இருந்தும் உருண்டை மட்டும் காய்ந்து கல்லாகும். வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, மேல்களியை மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். ஓசூர் ரோஜா தென்னைநார்க் கழிவில் வரும், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஒட்டுப்போட்ட இடம் மட்டும் மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை உடனே கிள்ளாவிட்டால், வாங்கிய ரோஜா போய்க் காட்டு ரோஜா நிற்கும். எங்களைக் கேட்டால், இந்த வெயிலுக்குப் பன்னீர் ரோஜா ஒன்றே போதும் என்போம்.

இனி இப்படிச் செடிப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு செடிக்கும் நேரே அது தாங்கும் தண்ணீர், ஏற்ற மண், நடும் தமிழ் மாதம் மூன்றையும் போட வேண்டுகிறோம். நெல்லை, தென்காசிப் பதிப்புகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது. மலையடிவாரத்துச் சாரல் மண்ணுக்கும் ராதாபுரத்து வறட்சிக்கும் ஒரே செடியைச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
பூச்செடி நர்சரித் தொழிலில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை.